இடிஞ்சத அள்ளுறதுக்கு முன்னாடி: இன்ஜினியர்மாருக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில கட்டடம் இடிஞ்சா விசாரிக்க வாற இன்ஜினியர்மாருக்கும் அதிகாரிமாருக்கும் வணக்கம். இருபது வருசமா செண்ட்ரிங் வேலை பாக்குதேன், அந்த உரிமையில எழுதுதேன்.

போன ஐப்பசி மழையில எங்க ஊர் விலக்குல பஸ் ஸ்டாப் கூரை விழுந்துட்டு. பீடிக்கட்டோட பஸ்சுக்கு நின்ன எங்க சித்திக்கு கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு, இன்னமும் சுவரப் பிடிச்சுதான் நடக்காவ. மறுநா விடியுமுன்னயே ஜேசிபி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டு, கம்பி பூரா பழைய இரும்புக் கடைக்குப் போயிட்டு, மத்தியானம் வந்தவங்க வெறும் தரையப் பாத்து மழையால இடிஞ்சதுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. மழை பெஞ்சது நெசந்தான், அதே மழையில எதுத்தாப்ல தாத்தா காலத்து ஓட்டு வீடு அப்படியே நிக்குதே அய்யா.

அந்தக் கூரை பின்னாடி பில்லர மட்டும் பிடிச்சு முன்னாடி நீட்டிட்டு நிக்கது. அப்படி நீட்டுற காங்கிரீட்ல இழுவை மேல்பக்கம்தான் வரும், அதனால மெயின் கம்பியும் மேலதான் கிடக்கணும், ஆனா காங்கிரீட் போடையில ஆளுக மிதிச்சு மிதிச்சு கம்பி கீழ எறங்கிரும், அடியில முட்டுக்கம்பி வைக்கலன்னா கண்டிப்பா எறங்கும். நான் எடுத்து வச்சிருக்க ஒரு துண்டுல கம்பி அடியிலதான் கிடக்கு. ஒரு துண்ட வச்சு யார் மேலயும் பழி போட மாட்டேன், மத்த துண்டெல்லாம் எங்க?

குஜராத் மோர்பியில 2022 அக்டோபர் 30 தொங்கு பாலம் அறுந்து 135 பேர் செத்தாங்கள்லா. விசாரணைக் குழு அறுந்த கேபிளப் பாத்ததுல 49 கம்பியில 22 துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, அது முன்னாடியே அறுந்திருக்கும்னு அவங்க சொன்னாங்க, மிச்சம் 27தான் அன்னைக்கு அறுந்தது. அந்தக் கேபிளயும் எடைக்குப் போட்டிருந்தா கூட்டம் ஏறுனதுதான் காரணம்னு முடிஞ்சிருக்கும். எதனால இடிஞ்சதுன்னு துருவிப் பாக்குற பாரன்சிக் இன்ஜினியரிங்ல உடஞ்ச பொருள்தான் மொத சாட்சி.

அடியில மாட்டுனவங்கள மீட்டாச்சுன்னா அதோட ஜேசிபிய நிறுத்துங்க. துண்டுக்கு நம்பர் போட்டு போட்டோ எடுங்க, கம்பியப் பூட்டி வைங்க, காங்கிரீட்ட உருளையாக் குடைஞ்சு கோர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்க, ரிப்போர்ட்ட அடிபட்ட வீட்டுக்கும் ஒரு காப்பி குடுங்க.

அதே டிசைன்ல அதே ரோட்டுல இன்னும் ரெண்டு ஸ்டாப் நிக்கு, காலையில பள்ளிக்கூடப் பிள்ளைக அதுக்கு கீழதான் நிக்காவ. மொதல்ல அதப் பாருங்க, என்கிட்ட இருக்க துண்ட எங்க கொண்டாறணும்னாலும் கொண்டாறேன்.