செயலாளர் ஆண்டறிக்கை: கணினி அறை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகம், பொங்கல் விழா பற்றித் துணைச் செயலாளர் சொல்வார். இந்த அறிக்கை நம் சங்கத்தின் கணினி அறையைப் பற்றியது. தாராவியில் விண்ணப்பம், பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை என்று நம் மக்கள் அன்றாடம் வந்து போகும் இடம் அது.

ஞாயிறு வகுப்பில் முதலில் கற்பிப்பது சில கட்டளைகள்தாம். கண்ட்ரோலுடன் சி நகலெடுக்க, எக்ஸ் வெட்ட, வி ஒட்ட, இசட் செய்ததைத் திரும்பப் பெற, எஸ் சேமிக்க, பி அச்சிட. இவை சீக்கிரம் கைக்கு வந்துவிடும். இணையத்திலிருந்து எடுத்து வேர்டில் ஒட்டும்போது அங்கிருந்த நிறமும் எழுத்தளவும் கூடவே வரும். ஒட்டிய கையோடு கண்ட்ரோலை ஒருமுறை தட்டிவிட்டு டி தட்டினால் வெறும் எழுத்து மட்டும் நிற்கும்.

சிக்கல் அதிகம் தமிழ் எழுத்தில்தான். நம் பழைய விழா மலர்களும் தீர்மானங்களும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் 'அ' என்று தெரிவது உள்ளே ஆங்கிலச் சின்ன எழுத்து 'எம்'. அதன்மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். ஆனால் அரசு இணையப் படிவத்தில் ஒட்ட அது உதவாது, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. மாற்றும் முன் கோப்பிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் தனியே எடுத்து வையுங்கள். மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும்.

யூனிகோடிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுப்பினர் பட்டியலில் 'கௌரி' என்று தேடினால் சில பெயர்கள் அகப்படுவதில்லை. காரணம், தட்டியவர் 'கெ' போட்டு, பக்கத்தில் தனி 'ள' போட்டிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 'கௌ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'க' மிஞ்சினால் சரி. 'கெ' மிஞ்சினால் பிழை. திருத்த, தேடி மாற்றும் கட்டளையான கண்ட்ரோல் எச் போதும், ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்பதைக் கொடுக்கக் கூடாது. கெளுத்தி மீன் இருக்கும் இடத்தில் அது எழுத்தையே குலைத்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

அச்சுக்கு வருகிறேன். அடுத்த பக்கம் போக என்டரைப் பத்துத் தடவை தட்டுவதை விடுங்கள். வேறு கணினியில் திறந்ததும் எல்லாம் நகர்ந்துவிடும். கண்ட்ரோல் என்டர் ஒருமுறை போதும். வீட்டில் தட்டியதை பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வாருங்கள். தாள் அளவு ஏ4 தானா என்று பாருங்கள்: 210-க்கு 297 மில்லிமீட்டர். கோப்பு 'லெட்டர்' அளவில் இருந்தால் அச்சுப்பொறி அந்தத் தாளுக்காக விளக்கு மின்னிக் காத்து நிற்கும், அது பழுதல்ல. 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம் அச்சிடும்போது 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுக்கவும். 'ஃபிட்' இருந்தால் படம் சுருங்கும், விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள்.

தாள் வரவில்லை என்றால் மறுபடி மறுபடி பிரின்ட் கொடுக்காதீர்கள், எல்லாம் வரிசையில் சேரும். வரிசை அசையாவிட்டால் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' கொடுங்கள், அச்சு வரிசையை நடத்தும் நிரல் நிற்கும். விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற கோப்புறையைக் காலி செய்யுங்கள். பிறகு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்' கொடுத்து அந்த நிரலை மறுபடி தொடங்குங்கள்.

மும்பை மழைக்காலத்தில் தாள் ஈரம் குடிக்கும். லேசர் பொறியின் சூடான உருளையில் அந்த ஈரம் ஆவியாகி, தாள் சுருண்டு சிக்கும். 500 தாள் கட்டைப் பிரித்தால் வேண்டியதை மட்டும் எடுத்து, மீதியை உறையோடு மூடி வைக்கவும். சிக்கிய தாளை அது போகும் திசையிலேயே இரு கையாலும் மெதுவாக இழுக்கவும். உள்ளே ஒரு துண்டு கிழிந்து தங்கினால் அடுத்த தாளும் அங்கேயே சிக்கும்.

வேலை முடிந்ததும் ஆதார் நகலை டெஸ்க்டாப்பில் விட்டுச் செல்லாதீர்கள். ஷிஃப்ட் டெலிட் கொடுத்து அழித்துவிட்டு, வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் வெளியேறுங்கள்.

சங்கத்தின் பழைய தீர்மானங்களை யூனிகோடுக்கு மாற்றும் பணியை வரும் ஆண்டில் எடுத்துக்கொள்ளப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். பழைய சிடி, பென் டிரைவ் வைத்திருப்பவர்கள், எழுத்துருக் கோப்பும் இருந்தால் அதையும் சேர்த்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுகிறேன்.

செயலாளர்