செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷம் இதே கூட்டத்தில், நாம் பழுதுபார்த்து வரும் பழைய ரைஸ் மில் இன்ஜினைப் பொங்கலுக்கு ஓட்டிக் காட்டுவோம் என்று சொல்லியிருந்தேன். அது மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. தாமதத்துக்கான காரணத்தை உறுப்பினர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். ரைஸ் மில்லிலிருந்து நமக்கு வந்தது டீசல் இன்ஜின் அல்ல, அதற்கும் முந்தைய ஹாட் பல்ப் வகை. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் 1890-இல் காப்புரிமை பெற்ற முறை இது. சிலிண்டர் தலையில் குடுவை மாதிரி ஒரு இரும்பு பல்ப் இருக்கும். புளோ லாம்ப் (தீயைப் பீய்ச்சும் விளக்கு) வைத்து அதைச் சிவக்கச் சூடாக்கிவிட்டு, பிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தைக் கையால் ஆட்டிவிட வேண்டும். உள்ளே பீய்ச்சும் எண்ணெய் அந்தச் சூட்டிலேயே ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். அப்புறம் லாம்ப் தேவையில்லை, எரிகிற சூடே போதும்.

ஜூனில் பிரித்தபோது பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய்யும் டீசலும் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டித் தட்டித்தான் வெளியே எடுத்தோம். பேரிங்குகளுக்கு ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையைப் புதிதாக ஊற்றினோம்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம், ஷெட்டுக்குள் முழங்கால் அளவு ஏறியது. முந்தின ராத்திரியே நான்கு இளைஞர்கள் மழையில் வந்து, கழற்றி வைத்திருந்த பாகங்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். தங்கள் வீட்டிலும் தண்ணீர் வரும் என்று தெரிந்தே வந்தவர்கள். அவர்கள் வராவிட்டால் இந்த அறிக்கைக்கே வேலை இருந்திருக்காது.

ஜனவரியில் எல்லாவற்றையும் பூட்டும் முன், பல்பை மண்ணெண்ணெய்யில் நனைத்துத் துடைத்துச் சாக்பொடி பூசிப் பார்த்தோம். கழுத்துப் பகுதியில் மயிரிழை போல ஈரக்கோடு தெரிந்தது. விரிசல்! வெல்டு வைத்துப் பொங்கலுக்கே ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். அவர்களுடைய ஆர்வம் எனக்குப் புரிந்தது. ஆனால் வார்ப்பிரும்பு, அதுவும் சூடேறிச் சூடேறி ஆறுகிற இடம். வெல்டை நம்பிக் குழந்தைகளை முன்னால் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. செயற்குழுவும் ஒத்துக்கொண்டது. மர அச்சு செய்து, கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் புது பல்ப் வார்த்து வந்தோம். பழையதை ஷெட்டில் பார்வைக்கு வைத்திருக்கிறோம்.

மார்ச்சில் அந்த மில்லில் இன்ஜின் டிரைவராக இருந்த பெரியவரையே அழைத்து வந்தோம். முதல் உதைப்பில் இன்ஜின் தலைகீழாகச் சுற்றியது. டூ ஸ்ட்ரோக் என்பதால் எந்தப் பக்கமும் ஓடும். அவர் பதறாமல் எண்ணெய்யைக் குறைத்து, வேகம் விழுந்த நேரம் பார்த்துத் திரும்பக் கொடுத்து, சரியான பக்கம் சுற்றவைத்தார். சத்தத்தைக் கேட்டதும், "இதாம்ப்பா, இதே சத்தம்தான்" என்று பிளைவீல் நிற்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவர் கைப்பக்குவத்தை இரண்டு பேராவது இந்த வருஷமே கற்றுக்கொள்ள வேண்டும். விருப்பமுள்ளவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயற்குழு நான்கு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தண்ணீர்த் தொட்டி இன்னும் ஒழுகுகிறது. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஷெட்டில் அந்த வேலை.