கொள்முதல் பணிக்குத் தேர்வு எழுதுவோர் டெண்டர் ஆவணத்தைப் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் குரூப் 4, வங்கி, ரயில்வே என்று விவரமாக எழுதுகிறார்கள். அரசுக்குப் பொருள் வாங்குவதையே முழுநேர வேலையாகக் கொண்ட பணியிடங்கள் மட்டும் ஏனோ கண்ணில் படுவதில்லை. அந்தப் பணிக்கு வருபவர்களுக்கும் அதில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் நுழையும் வழிகள். இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வு இருக்கிறது. ரயில்வே ஸ்டோர்ஸ் பிரிவின் அதிகாரிகள் 2025 தேர்விலிருந்து மீண்டும் இதன் வழியாகவே எடுக்கப்படுகிறார்கள். முதல்நிலைக்கு 500, முதன்மைத் தேர்வுக்கு 600, நேர்முகத்துக்கு 200 மதிப்பெண். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ரயில்வே ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) அறிவிக்கையிலேயே டெப்போ மெட்டீரியல் சூப்பரின்டென்டென்ட் என்ற பண்டகப் பிரிவுப் பதவி சேர்ந்து வரும். எந்தப் பிரிவு இன்ஜினியரிங் டிப்ளமோவும் இதற்குப் போதும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கு அணுசக்தித் துறையின் கொள்முதல் மற்றும் பண்டக இயக்ககம் அவ்வப்போது ஜூனியர் பர்ச்சேஸ் அசிஸ்டென்ட், ஜூனியர் ஸ்டோர்கீப்பர் பதவிகளுக்கு ஆள் எடுக்கிறது. 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. கல்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும், உள்மாவட்டங்களில் தெரிவதில்லை.

மாநில அரசில் நிலைமை வேறு. பெரும்பாலும் குரூப் 2, குரூப் 4 வழியாகவோ உதவிப் பொறியாளராகவோ உள்ளே வந்தவரிடம்தான் ஒருநாள் டெண்டர் கோப்பு வந்து சேரும். அவர் அதற்கென்று படித்தவர் அல்ல. ரயில்வே ஜே.இ. தேர்விலும் இதே குறைதான். இரண்டாம் கட்டத் தேர்வின் 150 கேள்விகளில் 100 கேள்விகள் அவரவர் படித்த இன்ஜினியரிங் பாடத்திலிருந்து வருபவை, டெண்டரைப் பற்றியவை அல்ல. ஆக, தேர்வில் தேறுவது ஒன்று, வேலைக்குத் தகுதி பெறுவது வேறொன்று. இரண்டாவதை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? மத்திய அரசுப் பணி என்றால் 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகள், அதிலும் பொருள், சேவைக் கொள்முதல் பற்றிய ஆறாவது அத்தியாயம். மாநிலப் பணி என்றால் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ம் ஆண்டின் விதிகளும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. டெண்டர் போடுபவர் பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகை மத்திய விதிப்படி கொள்முதல் மதிப்பில் 2 முதல் 5 விழுக்காடு, மாநில விதிப்படி 1 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. மத்திய அரசின் விளம்பர டெண்டருக்கு விலைப்புள்ளி கொடுக்கச் சாதாரணமாகக் குறைந்தது மூன்று வாரம் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள். இதைக் குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு தாள் கோப்பில் இல்லாததால் தணிக்கையில் மாட்டிய டெண்டர்கள் உண்டு. டெண்டர் இல்லாமலே வாங்கும் உடனடிக் கொள்முதலுக்கான தொகை வரம்புகள் அடிக்கடி மாறுகின்றன. பயிற்சி மையக் கையேட்டில் அச்சான தொகையை நம்பாமல் நடப்பு ஆணையைப் பார்ப்பதே நல்லது.

விதியை மனப்பாடம் செய்துவிடலாம். விவரக்குறிப்பு, அதாவது வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பு, எழுதுவது அப்படி வராது. ஓர் அலுவலகத்துக்கு 40 இரும்பு பீரோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "நல்ல தரமான இரும்பு பீரோ" என்று எழுதினால், வந்து இறங்கும் பீரோவின் கதவு விரலால் அழுத்தினால் உள்வாங்கினாலும் திருப்பி அனுப்ப முடியாது. நல்ல தரத்தை எந்த அளவுகோலால் அளப்பது? உயரம் 1,980, அகலம் 915, ஆழம் 485 மி.மீ., தகட்டின் கனம் இத்தனை மி.மீ., கூடக்குறைய இவ்வளவு அனுமதி, நகர்த்தக்கூடிய தட்டுகள் நான்கு, பவுடர் கோட்டிங் இத்தனை மைக்ரான், ஐ.எஸ். 3312 என்ற இந்தியத் தர நிர்ணயத்துக்கு இணங்க, உத்தரவாதக் காலம் இவ்வளவு என்று எழுதினால் ஆய்வாளர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து முடிவு சொல்லிவிடலாம். தகட்டின் கனத்தை மி.மீ.-ல் சொல்லாமல் கேஜ் எண்ணில் மட்டும் எழுதுவது வம்பு. பிரிட்டிஷ் அட்டவணையில் 22 கேஜ் என்பது 0.71 மி.மீ., அமெரிக்கத் தகட்டு அட்டவணையில் 0.76 மி.மீ. எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. ஒரு கம்பெனியின் கேட்லாக்கை அப்படியே நகல் எடுத்தால் அந்த ஒரு கம்பெனிதான் தேறும். மற்றவர்கள் மேல்முறையீட்டுக்குப் போவார்கள். மாநிலச் சட்டப்படி ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்தது, வந்த விலைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டுப் பட்டியல். ஒருவர் பீரோ ஒன்றுக்கு வரி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 11,800 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் அடிப்படை விலை 9,800, ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு தனி, லாரி வாடகையும் இறக்குகூலியும் 300 தனி என்கிறார். 9,800 கண்ணை இழுக்கும். கூட்டிப் பாருங்கள்: வரி 1,764, மொத்தம் 11,864. எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், முதலாமவர்தான். வித்தியாசம் ஒன்றுக்கு 64 ரூபாய் என்றாலும் 40 பீரோவுக்கு 2,560 ரூபாய். பணத்தை விடுங்கள், தவறானவருக்கு ஆர்டர் போனதாகக் கோப்பில் நிற்கும். விலைகுறைப்புப் பேச்சும் எல்-1 உடன் மட்டுமே நடக்க வேண்டும். இரண்டாமவரையும் கூப்பிட்டு "கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று கேட்டாலே டெண்டர் கெட்டது.

முன்வைப்புத் தொகையை வங்கி உத்தரவாதமாகவும் தரலாம். அதில் நாள்கணக்கு மிக முக்கியம். மத்திய விதிப்படி அந்த உத்தரவாதம், கேட்ட விலை டெண்டர்தாரரைக் கட்டுப்படுத்தும் செல்லுபடிக் காலத்துக்குப் பிறகும் 45 நாள் உயிரோடு இருக்க வேண்டும். செல்லுபடி 90 நாள் என்றால் உத்தரவாதம் 135 நாளுக்கு. இடையில் செல்லுபடியை 120 நாளாக நீட்டித்தால் உத்தரவாதமும் 165 நாளாக வேண்டும். நீட்டிப்புக் கடிதம் எழுதுபவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். உத்தரவாதம் உண்மையானதா என்பதைக் கொடுத்த வங்கிக் கிளைக்கே எழுதி உறுதி செய்ய வேண்டும். டெண்டர்தாரர் கொண்டுவந்து தரும் உறுதிக் கடிதத்தை ஏற்கக் கூடாது.

மின்-டெண்டர் வந்தபின் புதிதாக ஒரு சிக்கல். தேசியத் தகவலியல் மையத்தின் தளத்தில் விலைப்புள்ளிகள், திறக்கப்போகும் அதிகாரிகளின் டிஜிட்டல் சான்றிதழ் கொண்டு பூட்டப்படுகின்றன. இருவரை மட்டும் நியமித்து இருவரும் கட்டாயம் என்று அமைத்துவிட்டால், ஒருவர் மாறுதலாகித் தன் சான்றிதழ் உள்ள யு.எஸ்.பி. டோக்கனோடு போனதும் டெண்டர் அப்படியே நிற்கும். நான்கு பேரை நியமித்து, யாரேனும் இருவர் திறக்கலாம் என்று அமைப்பதே சரி. சான்றிதழைப் புதுப்பித்தவர்கள் பழைய டோக்கனைத் தூக்கிப் போடக்கூடாது. பழைய சாவியால் பூட்டியது பழைய சாவியால்தான் திறக்கும்.

40 பீரோவைப் பத்துப் பத்தாகப் பிரித்து நான்கு பில் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்க்கத் தேவையைத் துண்டாடக் கூடாது என்று பொது நிதி விதி 157 வெளிப்படையாகச் சொல்கிறது. "அவசரம் என்று சொன்னார்கள்" என்ற வாய்மொழி பதிலாகாது. சொன்னவர் ஓய்வு பெற்றிருப்பார், கையெழுத்திட்டவர் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்.

இவையெல்லாம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எல்லாமே பொதுவெளியில் இருக்கின்றன. மாநில, மத்திய டெண்டர் தளங்களில் வாரம் ஒரு டெண்டர் ஆவணத்தை இறக்கி, தகுதி நிபந்தனை, விவரக்குறிப்பு, விலை அட்டவணை, திருத்தங்கள் என்று முழுதும் படியுங்கள். குறிப்பாகத் திருத்தங்களை. எது தவறாக எழுதப்பட்டது என்பதை அவையே காட்டிக்கொடுக்கும். மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ பொதுத்துறை நிறுவன வேலைக்கு உதவும். பணியில் சேர்ந்தவர்களுக்கு ஃபரீதாபாத்திலுள்ள அருண் ஜெட்லி தேசிய நிதி மேலாண்மை நிறுவனம் கொள்முதல் பயிற்சி நடத்துகிறது.

மாநில அரசுக்கு ஒரு வேண்டுகோள். மே, டிசம்பரில் நடக்கும் துறைத்தேர்வுகளில் ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தையும் விதிகளையும் மட்டும் பாடமாகக் கொண்டு, விவரக்குறிப்பும் ஒப்பீட்டுப் பட்டியலும் கையால் தயாரிக்கச் சொல்லும் ஒரு தாளை வையுங்கள். அதில் தேறியவரிடம் டெண்டர் கோப்பைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அரசுக் கொள்முதல் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை