முதலில் தேடிப் போவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருக் கும்பல்களில் இளைஞர்கள் சேர்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். பெரும்பாலான கடிதங்களில் ஒரே குரல்தான்: பிடித்து உள்ளே போடுங்கள், முட்டிக்கு முட்டி தட்டுங்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 31 வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். அப்படிப் போன பையன்கள் சிலரை அவர்கள் 8-ம் வகுப்பில் இருந்தபோதே தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கும்பலில் யாரும் ஒரே நாளில் சேர்வதில்லை. சாயங்காலம் தெருமுனையில் நாலு பையன்கள் கூடி நிற்பார்கள். அடுத்த தெருப் பையன்களோடு ஒரு தகராறு வரும். அன்றைக்குத்தான் ‘நம்ம பசங்க’, ‘அவனுங்க’ என்று கோடு விழுகிறது. சிகாகோவில் 1,313 கும்பல்களை ஆராய்ந்து பிரடெரிக் த்ராஷர் என்பவர் 1927-ல் ஒரு புத்தகம் எழுதினார். விளையாட்டுக் கூட்டமாகத் தொடங்குவது சண்டையில்தான் கும்பலாக இறுகுகிறது என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். இப்போது அந்தச் சண்டை கைபேசியில் ஒரு கேலி வீடியோவில் ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா வீட்டோடு இல்லை. அம்மாவுக்கு இரவு வேலை. பள்ளிக்கு வரும் வழியில் பெரிய பையன்கள் அவனை அடித்துக் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்கள். எங்களிடம் இரண்டு முறை சொன்னான். “பார்க்கலாம்” என்றோம். ஒரு நாள் அந்த ஏரியா ‘அண்ணன்’ ஒருவன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பள்ளி வாசல் வரை நடந்து வந்தான். அதற்கப்புறம் அவனை யாரும் தொடவில்லை. அந்த ஆளோடு ஏன் சுற்றுகிறாய் என்று நான் அதட்டியபோது அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “டீச்சர், அந்த அண்ணன் தினமும் சாப்பிட்டியாடான்னு கேப்பாரு.”

பிறகு ஒரு நாள் அவன் பையில் கத்தி இருந்தது. எதற்கு என்று கேட்டோமா? இல்லை. கூட்டம் போட்டோம், டி.சி. கொடுத்து அனுப்ப முடிவு செய்தோம். நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற காரணம் பொய்யில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து அவன் எங்கே போவான் என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவனுக்குப் போக இருந்தது அந்தத் தெருமுனை ஒன்றுதான். அதுவரை சாயங்காலம் மட்டும் அங்கே நின்றவன், அன்றிலிருந்து காலையிலேயே போய் நின்றான்.

சுலபமாகக் காசு கிடைக்கும் என்ற ஆசையில்தான் போகிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். காசு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அமெரிக்காவில் போதைப்பொருள் விற்ற ஒரு கும்பலின் கணக்குப் புத்தகம் நான்கு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் கையில் கிடைத்தது. சுதிர் வெங்கடேஷும் ஸ்டீவன் லெவிட்டும் 2000-ல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தெருவில் நின்று விற்கும் அடிமட்டப் பையனின் வரும்படி சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைக்கூட எட்டவில்லை. பணமெல்லாம் மேலே இருப்பவனுக்குப் போனது, குண்டடியும் ஜெயிலும் கீழே இருப்பவனுக்கு வந்தது. இந்தக் கணக்கைப் பையன்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். தலைவனின் வண்டியையும் கெத்தையும்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. அமெரிக்காவில் 1970-களில் சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளைக் கத்தவிட்டு மிரட்டும் திட்டம் ஒன்று பிரபலமானது. பின்னால் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அங்கே போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தது தெரியவந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வெளியில் அடிவாங்கிப் பயந்துதானே அவன் கும்பலுக்குள் போனான்? இன்னும் கொஞ்சம் பயத்தைக் கொடுத்தால் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்வான்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரின் அரசு 2003-ல் ‘இரும்புக்கரம்’ என்று பெயர் வைத்தே ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. உடம்பில் பச்சை குத்தியிருந்தாலே சந்தேகப்பட்டுப் பிடித்தார்கள். சிறைக்குள் கும்பல்கள் முன்பைவிடக் கட்டுக்கோப்பாக வளர்ந்தன. 2022 முதல் அதே நாட்டில் பல்லாயிரம் பேரை மொத்தமாக அடைத்த பிறகு கொலைகள் வெகுவாகக் குறைந்தன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எந்தக் கும்பலிலும் இல்லாத பிள்ளைகளும் அதில் சிக்கி விசாரணையில்லாமல் உள்ளே கிடந்தார்கள். அந்த விலையை நம் வீட்டுப் பிள்ளையை வைத்துக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் தயார்?

ஸ்காட்லாந்தில் வேறு மாதிரி செய்தார்கள். கத்திக்குத்துக்குப் பேர்போன நகரமாக இருந்தது கிளாஸ்கோ. 2005-ல் அங்கே காவல்துறையே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி, வன்முறையை நோய்த்தடுப்பு போல அணுகியது. 2008-ல் கும்பல் பையன்களை நீதிமன்றக் கூடத்துக்கே அழைத்து உட்கார வைத்தார்கள். உங்களைப் பற்றி எல்லாம் தெரியும், அடிதடி தொடர்ந்தால் விடமாட்டோம் என்று போலீஸ் சொன்னது. வெட்டுக்காயங்களைத் தைக்கும் மருத்துவர் பேசினார். தாக்குதலுக்கு ஆளான ஒரு பிள்ளையின் தாய் பேசினார். கடைசியில் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, விட்டுவிட நினைப்பவன் கூப்பிடு, படிப்போ வேலையோ நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். சுமார் பத்து வருடத்தில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. எல்லாம் இதனால் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கண்டிப்பும் கைகொடுப்பதும் ஒரே அறையில் இருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதேபோல சிகாகோவில் 2012 கோடை விடுமுறையில், வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளி மாணவர்களுக்கு 8 வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்கள். உடன் வழிகாட்ட ஒரு பெரியவர். அடுத்த 16 மாதங்களில் அந்தப் பிள்ளைகள் வன்முறைக்காகக் கைதாவது, வேலை கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் 43 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வந்தது என்பதைக் கவனியுங்கள். எட்டு வாரத்தில் ஏதோ ஒன்று உள்ளே பதிந்திருக்கிறது.

என் மாணவன் கதைக்கு வருகிறேன். ஒன்றரை வருடம் கழித்து அவன் கும்பலை விட்டு வந்தான். கூட்டி வந்தது நாங்கள் யாருமில்லை. ஒரு பட்டறைக்காரர் மூன்று முறை அதே தெருமுனைக்குப் போய், “வேலைக்கு ஆள் வேணும், வர்றியா?” என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை போனான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் பல ஆண்டுகள் இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், கும்பலில் சேர்ந்த பையன்களில் பாதிப்பேர் ஒரு வருடத்துக்குள் வெளியே வந்துவிட்டதாகப் பார்த்தேன். வெளியே வந்ததும் அவர்கள் செய்த வன்முறையும் குறைந்திருக்கிறது. அப்படி வருகிறவனுக்குப் பள்ளியும் இல்லை, வேலையும் இல்லை, வாசலில் நின்றால் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்துகிறார்கள் என்றால், அவன் திரும்பிப் போவதைத் தவிர என்ன செய்வான்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சேர்க்கை சரியில்லை என்று தெரிந்த அன்றே அடிக்காதீர்கள். யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளும் இதில் போகிறார்கள், பல சமயம் வீட்டில் நடக்கும் கொடுமைக்குத் தப்பி. பள்ளிகள் ஒரு பிள்ளையை நீக்கும் முன், நாளைக் காலை அவன் இருக்கப்போகும் இடம் எது என்பதை எழுத்தில் பதிவு செய்யட்டும்.

கடைசியாக, உங்களிடமே ஒரு வேண்டுகோள். அந்த மாணவன் ஒருமுறை கைதானபோது ஒரு பத்திரிகை அவனைப் பட்டப்பெயரோடு படம் போட்டு, ‘பிரபல ரவுடியின் வலது கை’ என்று எழுதியது. அப்போது அவனுக்கு 16 வயது. அந்தத் துண்டைக் கத்தரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அவன் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல்முறை. தயவுசெய்து உங்கள் இதழிலாவது சிறுவர்களின் படத்தையும் பட்டப்பெயரையும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்