சுரப்புச் சோதனைகளின் தோல்விகளையும் பொதுவில் வையுங்கள்

அறிவியல் ஆய்வுக்கான அரசு அமைப்பான ஏ-ஸ்டாருக்கும், நம் பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வுக்கூடங்களின் பொறுப்பாளர்களுக்கும், வணக்கம்.

பாக்டீரியாவில் மனித ஹார்மோன் தயாரிப்பது பழைய விஷயம்தானே என்று பலர் கேட்கிறார்கள். 1977-இல் இ.கோலை என்ற பாக்டீரியா சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைத் தந்தது. 1982-இல் அதே பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலினுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. உண்மைதான். ஆனால் ஹார்மோனைச் செய்யவைப்பது ஒரு வேலை; சரியாக மடிந்த நிலையில் அதைச் செல்லின் உட்பகுதியிலிருந்து வெளியே கொண்டுவருவது, அதாவது சுரக்கவைப்பது, வேறு வேலை. இரண்டாவது இன்னும் எல்லா ஹார்மோன்களுக்கும் எளிதாகக் கைகூடவில்லை.

வளர்ச்சி ஹார்மோனையே பாருங்கள். 191 அமினோ அமிலங்கள், அதன் மடிப்பைத் தாங்கும் இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள். இ.கோலையின் உட்பகுதியான சைட்டோபிளாசத்தில் அந்தப் பிணைப்புகள் எளிதில் உருவாவதில்லை. அங்கே அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் புரதம் கரையாத கட்டிகளாகத் திரண்டுவிடும். அப்புறம் யூரியாவில் கரை, மறுபடி மடியவை, பாதி வழியில் இழ. 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மரபணு மறுசேர்க்கை வளர்ச்சி ஹார்மோனின் முனையில், நம் உடல் சுரப்பதில் இல்லாத மெத்தியோனின் என்ற ஓர் அமினோ அமிலமும் கூடுதலாக ஒட்டியிருந்தது.

அதே ஹார்மோனின் முன்னால் வெளியேற வழிகாட்டும் சிறு புரதத் துண்டான ஒரு சமிக்ஞை பெப்டைடைச் சேர்த்து, இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள பெரிபிளாசத்துக்கு அனுப்பினால் நிலைமை மாறுகிறது. கடக்கும்போது சமிக்ஞைப் பகுதி வெட்டப்பட, ஹார்மோன் தன் இயல்பான முனையோடு நிற்கும். பிணைப்புகளை உருவாக்கும் நொதிகளும், தவறாக இணைந்தவற்றைத் திருத்தும் நொதிகளும் அங்கேயே இருக்கின்றன. செல்லின் சொந்தப் புரதங்கள் குறைவாக இருப்பதால் சுத்திகரிப்பும் சுலபம்.

சிக்கல் வாசலில். புரதங்கள் கடந்துபோகும், உட்சவ்விலுள்ள ‘செக்’ (Sec) எனப்படும் வாயில்களுக்கு ஓர் எல்லை உண்டு. மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு இன்னும் அதிக வண்டிகளை அனுப்பினால் வரிசைதான் நீளும், இங்கேயும் அப்படித்தான். கடக்க முடியாத புரதம் உள்ளே தேங்கி, செல்லே நலிகிறது. அதனால்தான் வெப்பநிலையையும், உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருளான தூண்டியின் அளவையும் குறைத்து, உற்பத்தியை மெதுவாக்கும்போது சரியான ஹார்மோன் பல நேரம் அதிகமாகக் கிடைக்கிறது. எந்தச் சமிக்ஞை பெப்டைடு எந்த ஹார்மோனுக்குப் பொருந்தும் என்பதை அவற்றின் அமினோ அமில வரிசையைப் பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றுக்குக் கைகொடுத்தது இன்னொன்றைக் கைவிடும். செய்துதான் பார்க்க வேண்டும்.

செய்து பார்த்தவை எங்கே போகின்றன? வெற்றி கட்டுரையாகிறது. தோல்வி குறிப்பேட்டில் தங்கிவிடுகிறது, மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுகிறார். பிறகு வேறொரு கூடம் அதே பெப்டைடை அதே ஹார்மோனோடு சேர்த்து, அதே தோல்விக்குப் பொதுப்பணத்தைச் செலவழிக்கிறது. என் துறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

என் வேண்டுகோள் ஒன்றே. பொது நிதியில் நடக்கும் சுரப்புச் சோதனைகள் அனைத்துக்கும் ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். ஹார்மோன், சமிக்ஞை பெப்டைடு, பாக்டீரியா வகை, வெப்பநிலை, தூண்டியின் அளவு, பெரிபிளாசத்தில் கிடைத்தது, உள்ளே தேங்கியது, செல்கள் வளரும் திரவத்தில் கசிந்தது, எல்லாம் ஒரே அளவீட்டு முறையில். தோற்றவை கட்டாயம் இருக்க வேண்டும். தனியார் நிறுவனங்களின் ரகசியங்களை யாரும் கேட்கவில்லை.

இதைச் செய்யும் திறன் இங்கே இருக்கிறது. கண் நோய்க்கான லூசென்டிஸ் மருந்தை இ.கோலையிலிருந்து தயாரிக்கும் ஆலை துவாஸில் எழுந்தது. பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் உயிரிச் செயல்முறைக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் இயங்குகிறது. இன்சுலின் விலை இதனால் நாளைக்கே குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். விலையைத் தீர்மானிப்பவை வேறு பல. ஆனால் 2016-இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்த நாட்டில், அந்நோய் அதிகம் தாக்கும் இந்தியச் சமூகத்தைச் சேர்ந்த எனக்கு, ஹார்மோன் தயாரிப்பு அறிவு நம் கையில் வளர வேண்டும் என்ற அக்கறை உண்டு.

வளர்ச்சி ஹார்மோனிலிருந்து தொடங்கலாம். தொழிற்கல்லூரி மாணவர்களாலும் அந்தச் சோதனைகளைச் செய்ய முடியும். அடுத்த மானிய அழைப்பிலேயே, பதிவேட்டில் முடிவுகளைச் சேர்ப்பதை ஒரு நிபந்தனையாக வையுங்கள்.

அன்புடன்,
உயிரிச் செயல்முறை ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர்
சிங்கப்பூர்