விண்ணப்பத்தில் வட்டக்கச்சியையும் எழுது

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விண்ணப்பத்தையும் சுயவிபரக் கோவையையும் வாசித்தேன். போனில் கதைத்தால் இரண்டு நிமிடத்தில் சாப்பாட்டுக்கும் தடிமலுக்கும் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

மூன்றாம் வருடத்திலேயே கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுனராகச் சேரப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அப்பா சொன்னது உன் உடம்பை நினைத்துத்தான். சீ.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் ஆக மூன்று வருட நடைமுறைப் பயிற்சி வேண்டும். படிக்கும்போதே தொடங்கினால் பட்டம் கையில் வரும்போது அதில் பாதிக்கு மேல் ஓடியிருக்கும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். சரி, அவள் விருப்பம் என்றார்.

எனக்கு மனம் ஒவ்வாதது விண்ணப்பத்தில் நீ விட்டவைதான். நிரந்தர முகவரி என்ற இடத்தில் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கும் எங்கள் வீடு இல்லை, கொழும்புப் பக்கம் நீ தங்கியிருக்கும் நுகேகொடைப் போடிங் முகவரி நிற்கிறது. உயர்தரம் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை மாதர் சங்கத்தில் நீ கணக்கு எழுதியது ஒரு வரிகூட இல்லை. கம்பஸ் விழாவுக்கு மேடை ஒழுங்கு செய்தது மட்டும் மூன்று வரியில் இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கொழும்பில எடுபடாது அம்மா" என்று போட்டிருந்தாய்.

எடுபடும் பிள்ளை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு இலிகிதராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வருடாவருடம் கணக்காய்வாளர்கள் வந்து எங்கள் புத்தகங்களைப் பார்ப்பார்கள். அவர்களில் கெட்டிக்காரர் யார் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிடும். சாதாரணமானவர் இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சீனி இருக்கிறதா, மா இருக்கிறதா என்று இறாக்கையைப் பார்த்துச் சரி போடுவார். கெட்டிக்காரர் அதைச் செய்துவிட்டு, பிறகு இறாக்கையில் இருக்கும் ஏதாவது ஒன்றைத் தொட்டு, இது பதிவேட்டில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்பார். எழுதியது உண்மையில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருப்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. நீ மாதர் சங்கத்தில் இரண்டையும் செய்தாய். கடன் பதிவேட்டிலிருந்து பற்றுச்சீட்டுக்குப் போனாய், பற்றுச்சீட்டின் அடிக்கட்டையிலிருந்து பதிவேட்டுக்கும் வந்தாய். அப்படி வந்தபோதுதான் கட்டிய தவணை வேறொருவர் பெயரில் ஏறியிருந்தது பிடிபட்டது. அது நுண்கடன் கம்பனிக்காரர் வாராவாரம் வாசலில் வந்து நின்ற காலம். சங்கத்துக் கடனாவது சரியாக இருக்கிறது என்று அந்தப் பெண்கள் நம்பியதற்கு உன் புத்தகம் காரணம். இதை விட்டுவிட்டு மேடை கட்டியதை எழுதுவாயா?

இன்னொன்று. நேர்முகத்தில் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டாலும் இடம் வந்தால் சொல். 2009இல் போரில் எல்லாரும் ஓடியபோது எங்கள் கூட்டுறவுச் சங்கத்துப் பேரேடுகளும் போயின. 2010இல் ஊருக்குத் திரும்பி வந்து கணக்கைத் தொடங்க வேண்டி வந்தது. கையில் தொடக்க மீதி எதுவும் இல்லை. அங்கத்தவர்கள் உடுப்புப் பையோடு மெனிக்பாம் முகாமுக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பாஸ் புத்தகங்கள், யாரோ மடித்து வைத்திருந்த பங்குப் பணப் பற்றுச்சீட்டு, வங்கியில் இருந்த பதிவு, இவற்றை வைத்துத்தான் மீதிகளைக் கட்டி எழுப்பினோம். புத்தகம் தொலைந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டாரும் பழைய கிளை முகாமையாளரும் சாட்சி சொன்னார்கள். எவ்வளவுக்கு எந்தச் சான்றை நம்பலாம், வெளியிலிருந்து வரும் ஆவணத்துக்கும் வாய்ப்பேச்சுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்த மாதங்களில் நான் படித்தேன். கணக்காய்வுச் சான்று என்று உங்கள் விரிவுரையில் வருவதும் அதுதானே? நீ மேசைக்கடியில் இருந்து பழைய பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கித் தந்தாய். சின்னப்பிள்ளை, ஆனாலும் பிழைவிடாமல் அடுக்கினாய்.

நெல்லையும் மறக்காதே. காலபோக நெல்லை ஈரத்தோடு நிறுத்துக் களஞ்சியத்தில் போட்டால் காய்ந்து நிறை குறையும். அந்தக் குறைவு களவு இல்லை. ஆனால் குறைவு வழமையை விடக் கூடினால் அங்கே கேள்வி இருக்கிறது. மூட்டை அட்டியை முன்பக்கம் மட்டும் எண்ணிப் பெருக்கினால் நடுவில் வெறுமையாக இருப்பது தெரியாது. ஏறிப் பார்க்க வேண்டும். பொலன்னறுவையிலோ அம்பாறையிலோ ஒரு அரிசி ஆலைக்கு மார்ச் 31இல் இருப்பு எண்ண அனுப்பினால், இதெல்லாம் அறிந்த பயிலுனர் கொழும்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளைந்த நெல்லுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நீ.

கோட்டாவில் வந்தவள் என்று யாரோ சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழக அனுமதியில் வர்த்தகப் பிரிவுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்கள். அந்தப் பதினாறில் கிளிநொச்சியும் ஒன்று. அது உள்ளே வரும் வாசலுக்கு மட்டும். உள்ளே போன பிறகு பரீட்சைத் தாள் எல்லாருக்கும் ஒன்றுதான், அதில் நீ எடுத்த புள்ளிகள் உன் புள்ளிகள். முகவரியை மறைத்தால் அவர்கள் சொன்னதை நீயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சிட்னியில் பெரியம்மாவின் மகன் செய்வதைப் பார்த்து நீ ஏங்குவதும் தெரிகிறது. அங்கே கடெற் என்று பள்ளிக்கூடம் முடிக்கும்போதே நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. சம்பளத்தோடு வேலை, பகுதிநேரமாகப் பல்கலைக்கழகம், பரீட்சைக்கு லீவு. பட்டம் முடிய ஒன்றிரண்டு வருடம் கூடும். இணையத்தில் விண்ணப்பம், தர்க்கத் தேர்வு, கமராவைப் பார்த்துப் பதில் சொல்லிப் பதிவு செய்வது, குழுவாக ஒரு வேலை, கடைசியில் பங்காளரோடு நேர்முகம் என்று அவன் எல்லாப் படியும் தாண்டினானாம். உங்கள் இடத்தில் அந்த வசதியெல்லாம் ஒரே பொதியாக வராது. பல்கலைக்கழகமும் நிறுவனமும் சீ.ஏ. பரீட்சையும் தனித்தனியே உன்னை இழுக்கும். ஆனால் அவன் சொன்ன ஒரு விசயம் இங்கேயும் பொருந்தும். நீங்கள் ஒரு பிழையைக் கண்டுபிடித்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்றுதான் அவனிடமும் கேட்டார்களாம். உனக்குச் சொல்லத் தவணைக் கதை இருக்கிறது. யார் பெயரையும் சொல்லாமல், என்ன கண்டாய், யாரிடம் முதலில் கேட்டாய், எப்படித் திருத்தினாய் என்று மூன்று நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லப் பழகு. கண்ணாடிக்கு முன்னால் வேண்டாம், அறைத் தோழிக்குச் சொல். அவள் குறுக்கே கேள்வி கேட்பாள், அதுதான் வேண்டும்.

சிங்களமும் படி. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் களஞ்சியப் பொறுப்பாளரிடம் சாவி வாங்குவதும் அவர் சொல்லாமல் விடுவதைக் கேட்டறிவதும் சிங்களத்தில்தான் நடக்கும். பஸ்ஸில் கதைக்கும் அளவு போதாது.

இடம் கிடைத்தால் கையெழுத்து வைக்க முன்னம் சிலவற்றைக் கேள். அது பட்டயக் கணக்காளர் நிறுவகம் அங்கீகரித்த பயிற்சி இடம்தானா, ஒப்பந்தம் எந்தத் திகதியிலிருந்து பதிவாகும், பல்கலைக்கழகப் பரீட்சைக்கும் சீ.ஏ. பரீட்சைக்கும் தனித்தனியே லீவு உண்டா, வெளியூர் கணக்காய்வுக்குப் போனால் தங்குமிடமும் போக்குவரத்தும் யார் பொறுப்பு, இரவு பிந்தினால் வாகனம் தருவார்களா. கேட்டால் கோபிப்பார்களோ என்று யோசிக்காதே. கேள்வி கேட்கும் வேலைக்குத்தானே ஆள் எடுக்கிறார்கள். கொடுப்பனவு குறைவாக இருந்தால் அதற்காகப் பெரிய பெயரை விட்டுவிடாதே, ஆனால் பரீட்சை லீவு இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். போடிங் காசை நாங்கள் பார்த்துக்கொள்வோம். முதல் வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு உன்னால் வர முடியாமல் போகலாம். மார்ச் முடிவுக் கணக்குகள் குவியும் நேரம் அது. அதற்கு நானும் அப்பாவும் இப்போதே மனதைத் தயார்படுத்திவிட்டோம்.

உறவினரல்லாத இருவரின் பெயர் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா? ஒருவர் உன் விரிவுரையாளர், நல்லது. மற்றவராக மாதர் சங்கத் தலைவியைப் போடு. நேற்று அவவிடம் கேட்டேன், சந்தோசமாக ஒத்துக்கொண்டா. கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் எடுத்தால் என்ன செய்வது என்று யோசித்தா. மகன் பக்கத்தில் இருப்பான் என்று பிறகு தானே சொன்னா. அவவின் இலக்கத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறேன். முகவரியைத் திருத்திவிட்டு, அனுப்ப முன்னம் எனக்கும் ஒருக்கா காட்டு.

அன்புடன்,
அம்மா