வார்னிஷ் உரியும் மரக்குழவி: 189 வெள்ளியை (ரிங்கிட்) திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் செய்தேன்.

ரம், எலுமிச்சை, புதினா சேர்த்த மொஹிட்டோ பானத்தை வீட்டிலேயே கலக்க நீங்கள் விற்கும் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அதில் புதினா இலையை அழுத்துவதற்கென்று இருக்கும் மரக்குழவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எலுமிச்சைச் சாறு பட்டதும் அதன் மேல் பூசிய வார்னிஷ் உரிந்து பானத்தில் விழுகிறது. வெங்காயச் சருகைப் போல, பழுப்பாக, மெல்லிசாக. முதலில் புதினா இலையின் துணுக்கு என்றுதான் நினைத்தேன். என் கணவரின் கீழுதட்டில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே புரிந்தது. கொழுந்தனார் அதற்குள் பாதி டம்ளர் குடித்துவிட்டார். ஊற்றி வைத்த பதினொரு டம்ளரையும் சாக்கடையில் கொட்டினேன். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் எங்கள் குடும்பத்தின் மானமே போயிற்று.

அது என் கணவரின் பணி ஓய்வு விருந்து. செம்பனை எண்ணெய் ஆலையில் 34 ஆண்டுகள் உழைத்தவர். மகள் லங்காவிக்கு அழைத்துப் போனபோது இந்தப் பானத்தைக் குடித்துவிட்டு, "இதை நம் வீட்டில் கலக்க முடியுமா?" என்று கேட்டார். தனக்கென்று எதையுமே கேட்காத மனிதர் அவர். அதனால்தான் 189 வெள்ளி கொடுத்தேன். இரண்டு வாரம் ரம் சேர்க்காமலே கலந்து பழகினேன், கரண்டியின் பின்புறத்தால் இலையை அழுத்தி. உங்கள் குழவியை விருந்தன்றுதான் புதிதாக எடுத்தேன். 45 மில்லி வெள்ளை ரம், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி சீனி, குழாயடியில் நானே வளர்த்த புதினாவில் ஆறு கொத்து, மேலே ஐஸும் சோடாவும். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் கணக்கு அப்படி. அளவு பிசகக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். கடைசியில் பார்த்தால் உங்கள் அளவுக் கிண்ணத்தில் 45 என்று பொறித்திருக்கும் பக்கத்தில் 35 மில்லிதான் கொள்கிறது. பேரனின் இருமல் மருந்துக் குப்பியால் மூன்று முறை அளந்து பார்த்தேன்.

தொலைபேசியில் பேசிய அந்தப் பையனைப் பற்றி நீங்கள் விசாரிக்க வேண்டும். தமிழில் பேசினான். நம் பிள்ளை, புரிந்துகொள்வான் என்று நம்பி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அவன் சொன்ன பதில் இது: "ஆன்ட்டி, தோட்டத்து வீட்டில் அம்மி இருக்குமே, அதில் அரைத்துக்கொள்ளுங்களேன்." பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் என் காதில் விழுந்தது.

புதினாவை அரைத்தால் அது சட்னி. இந்தப் பானத்துக்கு இலையை அரைக்கவே கூடாது. சீனியோடு சேர்த்து மெதுவாக அழுத்தி, வாசனை மட்டும் இறங்கும்படி விட வேண்டும். இலை கிழிந்தால் கசப்பு ஏறும். இந்தப் பொருளை விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஏன் குழவியின் அடியைப் பல் பல்லாக வெட்டி வைத்திருக்கிறீர்கள்?

அந்தப் பையனுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று நான் கண்ணால் பார்த்தவள். என் அப்பாவும் அதில் போனவர்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து, அளந்து ஊற்றிய ஒரே ஒரு டம்ளரை ஒரு மனிதர் நிம்மதியாகக் குடிக்க வேண்டும் என்றுதான் உங்கள் பெட்டியை வாங்கினேன். அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவிலுள்ள உங்கள் கடைக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். முதல் முறை, பெட்டியின் அட்டை இல்லாமல் வாங்க மாட்டோம் என்றார்கள். மூன்றாம் முறை, இணையத்தில் வாங்கியதற்கும் கடைக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! இரண்டாம் முறைதான் என்னால் மறக்க முடியவில்லை. நல்ல மழை. அட்டை நனையாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகுதான் சொன்னார்கள், அவருக்கு அன்று விடுமுறையாம்.

உங்களிடம் நல்லவர்களும் இருப்பார்கள். பொருள் கொண்டுவந்து கொடுத்த தம்பி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆகவே தயவுசெய்து இதை நீங்களே படித்து, நீங்களே பதில் எழுதுங்கள். ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் அந்த நாளை ஈடுகட்ட முடியாது. ஆனாலும் நான் கேட்பது 189 வெள்ளி, மூன்று பஸ் பயணச் செலவு, வீணாய்ப்போன ரம்மின் விலை, அந்தப் பையனிடமிருந்து ஒரு மன்னிப்பு. இவ்வளவுதான்.

14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. எனக்கு ஈப்போ பஸ் பழகிவிட்டது.

குழவியை என் செலவில் விரைவஞ்சலில் அனுப்பச் சொல்லி உங்கள் கடைசி மின்னஞ்சலில் கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். உரிந்த வார்னிஷோடு அதை ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். படம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்